பன்னிரண்டு நாற்காலிகள் ஏற்றிய வேகன்

பதினொரு வருஷமாக அந்தப் பழுப்பு வேகன் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான்தான். இரண்டு விரலால் தூக்கி அடுத்த தண்டவாளத்தில் வைத்துவிடலாம். ஆனால் தூசு தட்டும்போதுகூட மருந்துக்கடைக்காரர் அதை அசைக்க மாட்டார். சுற்றிலும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அதன் பக்கவாட்டில் 218 என்று எண் எழுதியிருந்தது. உள்ளே பன்னிரண்டு மர நாற்காலிகள். கடைசி ஸ்டேஷனில் ஏற்றி, பெரிய ஸ்டேஷனில் இறக்கி, பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்க வேண்டியவை. நாற்காலி என்பதெல்லாம் காகிதத்தில்தான், வேகனுக்குள் வெறும் காற்று.

இப்போது அதை நகர்த்தியாக வேண்டிய நாள் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏறினால் இறங்க முடியவில்லை, இறங்கினால் ஏற முடியவில்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்தாயிற்று. இருப்பது இரண்டே அறை. மாடியின் இரண்டு அறைகளையும் அடைத்துக்கொண்டு, நடுச்சுவரில் ஓட்டை போட்டு அந்தப் பக்கமும் போய்வரும் பொம்மை ரயில் பாதைக்கு அங்கே இடமில்லை. திங்கட்கிழமை காலை தச்சர் வந்து பாதையைத் தாங்கும் மேஜைகளை அறுத்துக் கழற்றுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக ஒருமுறை முழு நாளையும் ஓட்டிவிட வேண்டும். ஏழு வண்டிகளும் நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்குச் சேர வேண்டும். ஒரு வேகன்கூட நடுவழியில் நிற்கக் கூடாது. பிறகு ரெஜிஸ்டரில் கடைசி வரியை எழுதி மூடலாம். இதுதான் அவருடைய ஆசை. 218 நகர வேண்டுமானால் அதன் சரக்கு அட்டை வேண்டும். அட்டை மச்சினனிடம் இருந்தது. உண்மையைச் சொல்லப்போனால், அட்டை ஒரு சாக்குதான். மச்சினன் ஒருமுறை அந்த மாடிப்படி ஏறி வர வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை வாய் திறந்து கேட்க மட்டும் அவரால் முடியவில்லை.

பொம்மை ரயில் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்துக்கு வண்டி சுற்றினால் போதும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி ஒரு சுற்று வந்து மறுபடி வருவதைப் பார்த்து மனசு நிறைந்துபோவார்கள். தெருக்கோடி ஓவிய மாஸ்டர் அந்த ரகம். பதினாறு பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றைப் பளபளவென்று பெட்டிக்குள் வைத்து எடுத்துவந்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்தார். "இது எங்கேருந்து வருது, எங்க போகுது?" என்று கேட்டார்.

"எங்கேருந்தும் வரல சார். சும்மா சுத்துது."

"சும்மா சுத்துறதுக்குப் பேரு ரயில் இல்ல, ராட்டினம்."

ஓவிய மாஸ்டர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் இரண்டாவது ரகத்திலும் உச்சாணிக்கொம்பு. அவருடைய பாதை ஒரு நிஜப் பாதையின் நகல். அவருடைய அப்பா அந்தப் பாதையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர். இவருக்குப் பதினாறு வயதாகும்போது பாதையை மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது அப்பாவின் தொப்பியும், மூலை மடங்கிய கால அட்டவணையும். அந்த அட்டவணையில் இருக்கும் ஏழு வண்டிகள்தான் மாடியில் ஓடும். எட்டாவது வண்டிக்கு இடமில்லை. பிளாட்பாரத்து பெஞ்சுக்கு எத்தனை கால், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் ஒழுகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒழுகும் பக்கத்தில் கொஞ்சம் பச்சை வர்ணம் பூசிப் பாசி பிடிக்க வைத்திருந்தார்.

சுவரில் ஒரு கடிகாரம். அதைக் கடிகாரக் கடைக்காரரிடம் கொடுத்து, ஆறு மடங்கு வேகமாக ஓடும்படி மாற்றி வாங்கியிருந்தார். நம்முடைய பத்து நிமிடம் அதற்கு ஒரு மணி நேரம். காலை ஐந்து மணி வண்டியில் ஆரம்பித்து இரவு ஒன்பது மணி வண்டி வரைக்கும், ஒரு முழு நாளை ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஓட்டி முடித்துவிடலாம். பாதை ஒற்றைத் தண்டவாளம். நடு ஸ்டேஷனுக்கு வந்த டிரைவர் மணி அடித்து வழி கேட்க வேண்டும். பெரிய ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் பதில் மணி அடித்து வழி கொடுக்காமல் வண்டி ஓர் அங்குலம் நகரக் கூடாது. ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு என்று முன்பக்கம் இருக்கும். வண்டி தாமதமானால் காரணத்தை டிரைவர் அங்கேயே, அப்போதே, அட்டையின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். நாள் முடிந்ததும் அட்டைகளை மாஸ்டரிடம் ஒப்படைத்தால் அவர் ரெஜிஸ்டரில் ஏற்றுவார். அட்டை இல்லாமல் வேகன் நகராது.

இதெல்லாம் விதிகள். மொத்தம் இருபத்து மூன்று விதிகளைக் கையால் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். முதல் விதி: பணியில் உறங்கும் ஸ்டேஷன் மாஸ்டர் அக்கணமே பதவி இழப்பார். "எங்கப்பா முப்பத்தொரு வருஷத்துல டியூட்டியில ஒரு நாள் கண்ணசந்ததில்ல" என்று மாடிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு மச்சினனுக்கு அது மனப்பாடம். கடைசி விதி: மாடியில் உறவுமுறை கிடையாது. படியேறிவிட்டால் மச்சானும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மாஸ்டர், டிரைவர், அவ்வளவுதான்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, நிஜத்திலும் டிரைவர். பஸ் டிரைவர். வாரத்தில் ஆறு நாள் டெப்போவில் கையெழுத்துப் போட்டு, நிமிடக் கணக்குப் பார்த்து ஓட்டுகிறவர். "ஞாயித்துக்கிழமையும் எனக்கு டைம்டேபிளா மச்சான்?" என்று கீழே சாப்பாட்டு மேஜையில் புலம்புவார். புலம்பிக்கொண்டே மாடி ஏறி, "வணக்கம் மாஸ்டர்" என்பார். ஒன்பது வருஷம் ஒரு ஞாயிறு தவறவில்லை. நடு ஸ்டேஷனை முழுக்க அவர்தான் செய்தார். பிளாட்பாரத்தில் குடை பிடித்தபடி ஒரு பொம்மைப் பெண்மணியை நிற்கவைத்தார். எந்த வண்டி வந்தாலும் அந்த அம்மாள் ஏற மாட்டாள். வண்டி அங்கே நிற்கும்போது மச்சினன் குனிந்து, கண்ணைத் தண்டவாளத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருப்பார். புறப்படும் நேரம் அரை நிமிடம் தப்பும். மாஸ்டர் முறைப்பார். இந்த அரை நிமிடத்துக்காக ஒன்பது வருஷத்தில் எழுபது தடவையாவது வாய்ச்சண்டை வந்திருக்கும். சண்டை முடிந்து இருவரும் கீழே வந்து ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துத் தின்பார்கள்.

பதினொரு வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிறும் அப்படித்தான் தொடங்கியது. மனைவிக்கு அறுவை சிகிச்சை ஆகி, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். கீழே படுத்திருந்தாள். மூன்று ராத்திரி அவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே கழித்திருந்தார். "இன்னிக்கு விட்டுடலாமே மச்சான்" என்று மச்சினன் சொன்னதற்கு, "எங்கப்பா காலத்துல மழை வந்தாக்கூட வண்டி நின்னதில்ல" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார். மதியம் நாலாம் நம்பர் வண்டி வந்துகொண்டிருந்தது. பயணிகள் பெட்டி இரண்டு, கடைசியில் வேகன் 218. டிரைவர் பின்னறையில் நடு ஸ்டேஷனில் இருந்தார். மாஸ்டர் முன்னறையில் ரெஜிஸ்டரின் மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது கடிகாரம் 4.36 காட்டியது. 4.12-க்குப் புறப்பட வேண்டிய வண்டி இன்னும் நடு ஸ்டேஷனிலேயே நின்றது.

இருபத்து நாலு நிமிடம்! ஒன்பது வருஷத்தில் இல்லாத தாமதம். எதிரே வர வேண்டிய வண்டியும் கெட்டது, அதற்கடுத்த வண்டியும் கெட்டது. மருந்துக்கடைக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. முழங்கால் நன்றாக இருந்த காலம் அது. நாலே எட்டில் பின்னறைக்குப் போனார்.

"என்ன டிரைவர், குடைக்காரியைப் பார்த்துட்டு நின்னுட்டீங்களா? மணி ஏன் அடிக்கல?"

மச்சினன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"காரணம் எழுதியாச்சா? அட்டையைக் குடுங்க."

மச்சினனின் கை சட்டைப் பைக்குப் போனது. பையின் மேலேயே நின்றது. "எழுதல" என்றார்.

"எழுதாம?"

"எழுதல மாஸ்டர். விடுங்க."

விடுகிற ஆளா அவர்? மேஜைக்குத் திரும்பி, ஒரு தாளை எடுத்து, அப்பாவின் காலத்து நடையிலேயே எழுதினார். நாலாம் நம்பர் வண்டியை இருபத்து நாலு நிமிடம் காரணமின்றித் தாமதித்ததற்கும், விளக்கம் எழுத மறுத்ததற்கும், விசாரணை முடியும்வரை டிரைவர் பணி இடைநீக்கம். கையெழுத்துப் போட்டு நீட்டினார். சிரித்துவிடுவான் என்றுதான் நினைத்தார். மச்சினன் சிரிக்கவில்லை. வாங்கிப் படித்தார், நாலாக மடித்தார், படியிறங்கிப் போய்விட்டார். அட்டையும் அவரோடு போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் நாலாம் நம்பரைத் தானே ஓட்டிவந்து சேர்த்தார். அட்டை இல்லாத 218-ஐ மட்டும் நடு ஸ்டேஷனின் ஓரத் தண்டவாளத்தில் கழற்றிவிட்டார்.

இதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்று நினைத்தால் தவறு. நன்றாகப் பேசிக்கொண்டார்கள். மகள் கல்யாணத்தில் மச்சினன்தான் ஓடியாடி வேலை செய்தார். மாதம் இரண்டு தடவை அக்காவைப் பார்க்க வருவார், சாப்பிடுவார், மச்சானோடு உலக விவகாரமெல்லாம் பேசுவார். மாடியை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அக்கா ஒருநாள், "மேல போய் அவர்கூடக் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாயேண்டா" என்றாள். "சஸ்பென்ஷன்ல இருக்கேன்க்கா" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இவர் கொடாக்கண்டன், அவர் விடாக்கண்டன். மருந்துக்கடைக்காரர் தனியாகவே மாஸ்டராகவும் டிரைவராகவும் இருந்து, முன்னறையில் மணி அடித்துப் பின்னறைக்கு ஓடி, அங்கே மணி அடித்து முன்னறைக்கு ஓடி, வண்டிகளை ஓட்டினார். அந்த ஓட்டத்தில்தான் முழங்கால் போனது என்பது மனைவியின் கட்சி.

வெள்ளிக்கிழமை மனைவி பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "ஒரு அட்டையில வேகன் பேரை எழுதிவச்சா ஆச்சு. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு..."

"அது பொய்க் கணக்கு."

"பதினொரு வருஷமா பள்ளிக்கூடப் பிள்ளைங்க தரையில உட்கார்ந்திருக்கு. அது மட்டும் நல்ல கணக்கா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அவனைக் கூப்பிடுங்க. சும்மா 'வாடா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லையே. அவர் மேஜையில் உட்கார்ந்து, விசாரணை ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணிக்கு, விளக்கத்துடனும் அட்டையுடனும் ஆஜராகவும் என்று ஒரு தாளில் எழுதினார். மனைவி எட்டிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "என் தம்பிக்கு சம்மன் அனுப்புற முதல் ஆள் நீங்கதான்" என்றாள்.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போனார். முதுகுவலி வந்த பிறகு மச்சினனை பஸ்ஸிலிருந்து இறக்கி, நேரக் காப்பாளராக உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கம்பி ஜன்னல், கயிற்றில் கட்டிய பேனா, நீளமான பேரேடு. ஜன்னலுக்கு வெளியே டீசல் புகை. ஒரு டிரைவர் தாமதத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். மச்சினன் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதை வாங்கிப் படித்தார். "டிராஃபிக்னு எழுதியிருக்கே. நிஜமாவே டிராஃபிக்தானா?" என்று கேட்டார். டிரைவர் பல்லைக் காட்டினார். மச்சினன் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, மச்சானைப் பார்த்து எழுந்தார்.

"என்ன மச்சான், இந்த வெயில்ல? அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. இது மாடி விஷயம்" என்று தாளை நீட்டினார்.

மச்சினன் நின்றபடியே படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். தாளின் ஓரத்தில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 11.42 என்று போட்டு, கையெழுத்திட்டார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். இந்த ஜன்னல்ல உட்கார்ந்து நாலு வருஷமாச்சு. விளக்கம் கேட்டா முக்காவாசிப் பேரு பொய்தான் எழுதறான். பாதிப் பேரு தனக்காக எழுதறான், மீதிப் பேரு கண்டக்டரைக் காப்பாத்த எழுதறான். உண்மையை எழுதினா இன்னொருத்தன் வேலை போகும்னா நீங்க என்ன செய்வீங்க?"

"உண்மையைத்தான் எழுதணும். விதி அதுதான்."

"அதான் தெரியுமே" என்றார் மச்சினன். அடுத்த டிரைவர் ஜன்னலுக்கு வந்துவிட்டார். வருவதாகவும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு இரண்டே கால் மணிக்கே மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறி, தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வராவிட்டால்? 218-ஐ அப்படியே நிற்கவிட்டுத் தச்சரிடம் ஒப்படைப்பதுதான். இரண்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது படியில் காலடிச் சத்தம். பதினொரு வருஷம் கேட்காத சத்தம், ஆனால் யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்தது. பின்னாலேயே மனைவியும் வந்தாள்.

"என் தம்பி உட்கார ஒரு நாற்காலி இருக்கா, இல்ல எல்லாம் அந்த வேகனுக்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மச்சினன் வாசலிலேயே நின்று அறையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி, பாசி, பெஞ்சு, வேகக் கடிகாரம். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. "வணக்கம் மாஸ்டர்" என்றார்.

"விளக்கம்?" என்றார் மாஸ்டர்.

மச்சினன் மணிபர்ஸைத் திறந்தார். பழைய அட்டை, ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அதை மேஜைமேல் வைத்தார். "அன்னிக்கே எழுதிட்டேன். குடுக்கத்தான் முடியல. குடுத்தா நீங்க ரெஜிஸ்டர்ல ஏத்துவீங்க."

முன்பக்கம்: வேகன் 218, மர நாற்காலி பன்னிரண்டு, பெறுநர் பள்ளிக்கூடம். மருந்துக்கடைக்காரர் பின்பக்கம் திருப்பினார். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

'4.12 முதல் 4.36 வரை நின்றது. மணி அடித்தேன், வழி கிடைக்கவில்லை. மாஸ்டர் தூங்குகிறார். மூன்று நாளாக ஆஸ்பத்திரி. எழுப்பவில்லை.'

அவருக்கு ரெஜிஸ்டரின் மேல் குனிந்தது நினைவிருந்தது. நிமிர்ந்தது நினைவிருந்தது. நடுவில் என்ன இருந்தது என்று பதினொரு வருஷத்தில் ஒருதரம்கூட அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நாலு நிமிடத் தூக்கம். கடிகாரக் கணக்கில் இருபத்து நாலு.

"சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில்.

"சொன்னா?" மச்சினன் சுவரில் இருந்த முதல் விதியைக் காட்டினார். "உங்களைத் தெரியாதா? அப்பவே தொப்பியைக் கழட்டி வச்சுட்டு ரூமைப் பூட்டியிருப்பீங்க. உங்கப்பா முகத்தில கரி பூசிட்டேன்னு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பீங்க. நான் ஒருத்தன் வெளியில இருந்தா ரயிலாவது ஓடும்னு நினைச்சேன். கோவமும் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா அது நாலஞ்சு மாசத்துல போயிடுச்சு."

மருந்துக்கடைக்காரர் அழுதார். வெட்கப்படாமல், மனைவி பார்க்க, மச்சினன் பார்க்க அழுதார். பிறகு தொப்பியைக் கழற்றினார். விதி விதிதான்.

"பாத்தீங்களா, சொன்னேன்ல" என்றார் மச்சினன்.

"பேசாம உட்காருடா மாப்ள" என்று மருந்துக்கடைக்காரர் தொப்பியை மச்சினன் தலையில் வைத்து, நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார். மாடியில் உறவுமுறை கிடையாது என்ற விதி அந்த இடத்தில் செத்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. "இன்னிக்கு நான்தான் டிரைவர்" என்றார்.

வண்டிகள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் நேரத்துக்கு. மதியம் நாலாம் நம்பரை அவர் நடு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். முழங்கால் வலியோடு குனிந்து 218-ஐக் கடைசியில் மாட்டினார். சக்கரம் இறுகிப்போயிருக்கும் என்று பயந்தார். இல்லை, அது லேசாக உருண்டு வந்து சேர்ந்துகொண்டது. கடிகாரத்தில் 4.12. மணியை அடித்து வழி கேட்டார்.

பதில் இல்லை.

கொஞ்சம் பொறுத்து, சுவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். தொப்பி சரிந்திருக்க, மச்சினன் ரெஜிஸ்டரின் மேல் தலைவைத்துக் கிடந்தார். நடிக்கிறாரா, நிஜமாகவே தூங்கிவிட்டாரா தெரியவில்லை. காலை நாலு மணி ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். மருந்துக்கடைக்காரரின் கை மறுபடி மணிக்குப் போய், பாதியில் நின்றது.

கடிகாரம் ஓடியது. 4.18. 4.24. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மச்சினன் பார்ப்பதுபோலத் தண்டவாளத்தின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார். இருபது வருஷத்தில் அந்த ஸ்டேஷனை அந்த உயரத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை. அப்பாவின் ஸ்டேஷனே எதிரில் நின்றது. பெஞ்சு, குடைக்காரி, அவளுக்குப் பின்னால் நீண்டு போகும் பாதை. நின்று பார்க்காமல் இத்தனை வருஷம் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

டீ எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள். "ஏங்க, வண்டி ஏன் நிக்குது?"

அவர் விரலை உதட்டில் வைத்தார். அட்டையைத் திருப்பி, பழைய வரிக்குக் கீழே பென்சிலால் மெதுவாக எழுத ஆரம்பித்தார்.

"சத்தம் போடாத. மாஸ்டர் தூங்கறாரு."